திறமையா? வசதியா?

நடுவர் அவர்களே! அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிற தென்காசி, குற்றாலத்துச் சொந்தங்களே!

எனக்கு முன்னால பேசின அம்மா என்ன சொன்னாங்க? "சதுரங்கத்துக்குத் திறமை போதும். 1988-ல ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகலையா? 2024-ல குகேஷ், பதினெட்டே வயசுல, சிங்கப்பூர்ல டிங் லிரனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆகலையா?" நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு)

அம்மா, ஜூலை மாசம் மெயின் அருவியைப் பாத்துட்டுப் பேசுறீங்க. ஏப்ரல்ல வந்து பாருங்க. பாறை இருக்கும். குரங்கு இருக்கும். (பலத்த சிரிப்பு) நான் அந்தப் பாறையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

நம்ம நாகர்கோவில்ல பிறந்தவர் ஷ்யாம் நிகில். கிராண்ட்மாஸ்டர் ஆகணும்னா தரப்புள்ளி 2500-ஐத் தொடணும். மூணு 'நார்ம்' வாங்கணும். 2012-லேயே அவரு 2500-ஐத் தொட்டாச்சு. ரெண்டு நார்ம் கையில. பாக்கி ஒண்ணே ஒண்ணு. அது எப்போ கிடைச்சது? 2024-ல, துபாயில! வயசு 31. இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர். பன்னிரண்டு வருஷம், நடுவர் அவர்களே! 2012-ல ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த பிள்ளை, பிளஸ் டூ முடிச்சு வெளியே வந்திருச்சு!

பன்னிரண்டு வருஷமும் அவருக்குத் திறமை இல்லாமலா போச்சு? நார்ம்னா என்னன்னு பாருங்க. பொதுவா ஒரு போட்டியில ஒன்பது ஆட்டம். 2600 தரத்துக்கு ஆடணும். எதிர்ல உட்கார்றவங்கள்ல குறைஞ்சது மூணு பேராவது கிராண்ட்மாஸ்டரா இருக்கணும். வெளிநாட்டு ஆட்டக்காரங்களும் வேணும். அவங்களைத் தென்காசி பஸ் ஸ்டாண்டுல போய்த் தேட முடியுமா? விமானம் ஏறணும். டிக்கெட், விசா, ரூம், சாப்பாடு. நடுவுல ஒரு நாள் காய்ச்சல் வந்து ஒரு ஆட்டம் சறுக்கினா நார்மும் போச்சு, காசும் போச்சு. மறுபடி டிக்கெட்!

குகேஷோட அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். மகன் கூடப் போறதுக்காக வேலையையே நிறுத்தினாரு. நண்பர்கள் பண உதவி செய்ய வேண்டியிருந்தது. டாக்டர் வீட்டுக்கே இந்தக் கதி!

"பிரக்ஞானந்தா அப்பா பேங்க் ஊழியர்தானே? அந்த வீட்ல அக்கா வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர்தானே?"ன்னு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. உலகத்துலேயே முதல் அக்கா-தம்பி ஜோடி அவங்க. ஆனா அந்தத் தாய் நாகலட்சுமி அம்மா குக்கரைத் தூக்கிக்கிட்டு நாடு நாடாப் போய் ரசம் சோறு ஆக்கிப் போட்டாங்களே, அதைக் கணக்குல எடுத்தீங்களா தம்பி? கூடப் போக ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் போனாலும் வீட்ல அடுப்பு எரியணும். ஆலங்குளத்துலயும் கடையத்துலயும் பீடி சுத்துற நம்ம தாய் ஒரு நாள் தட்டை இறக்கி வச்சா அன்னிக்குக் கூலி கிடையாது. பத்து நாள் போட்டிக்கு அவ மகன்கூட யாரு போவா? (கைதட்டல்)

அதுக்காக அந்தப் பையன் ஆடவே கூடாதுன்னு நான் சொல்லல. விமானத்துல இவனை ஏத்த முடியலைன்னா, ஆட்டக்காரங்களை இங்கே இறக்குங்க! 2022-ல மாமல்லபுரத்துக்கு ஒலிம்பியாட் வந்துச்சா இல்லையா? நம்ம குற்றாலத்துல சீசன் முடிஞ்சா லாட்ஜ் எல்லாம் காத்து வாங்குது. வருஷத்துக்கு ஒரு நார்ம் போட்டி வைங்க. பத்து வெளிநாட்டுக் கிராண்ட்மாஸ்டர் வரட்டும். நம்ம பையன் மினி பஸ்ல வந்து ஆடிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகட்டும்.

மணி அடிச்சிட்டீங்க. உட்கார்றேன். வர்றவங்களுக்குப் பரோட்டா செலவு மட்டும் எதிரணி ஏத்துக்கிடட்டும், நடுவர் அவர்களே! திறமை இருந்தாப் போதும்னு சொன்னவங்க அவங்கதானே? (சிரிப்பு, கைதட்டல்)