புறக்காழ் உடைய பனை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



பனையை நாம் ஓலையால் நினைவுகூர்கிறோம். நம் முன்னோர் இல்லங்களில் போற்றிய சுவடிகள் பனையோலையில் எழுதப்பெற்றவை. அச்சுவடிகள் நனையாமல் காத்த கூரையைத் தாங்கியதும் பனையே என்பதைப் பலரும் எண்ணுவதில்லை. அந்தக் கட்டையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அவ்வகையில் பனை புல்லே. இன்றைய தாவர நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களில் அடக்குவர். இதனைக் கற்பிக்கும் நாளில் பழைய வாரைத் துண்டு ஒன்றை வகுப்பிற்கு எடுத்துச் செல்வேன். உரையாசிரியர்கள் பல வரிகளில் விளக்குவதை அத்துண்டு நொடியில் விளக்கிவிடும்.

தேக்கின் உறுதி நடுவில் உள்ளது. பனையின் உறுதி விளிம்பில். ஆதலின் அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றுப் பகுதியைச் செதுக்கி நீக்கி, கருவரி ஓடிய புறப்பகுதியை மட்டும் வாரையாக்கினர். சோறு எஞ்சினால் கரையான் பற்றும். முற்றிய வாரையில் ஆணி எளிதில் இறங்காது. துளையிட்டே பொருத்த வேண்டும். நுனிமரத்து வாரை அடிமரத்து வாரைக்கு ஈடாவதில்லை.

கான்கிரீட் தளம் பரவியபின் வாரையைத் தேடுவோர் அருகினர். பனையேறும் தொழிலை இளைஞர் கைவிட்டனர். வருவாய் தராத மரங்கள் செங்கற்சூளைக்குச் சென்றன. வயல்கள் மனைகளாகியபோது வரப்புப் பனைகளும் வீழ்ந்தன. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனைவிதைகள் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் தமிழக அரசு அறிவித்தது. நல்ல முயற்சிதான். ஆயினும் பனை காய்க்கவே 12 ஆண்டுகளுக்கு மேலாகும். வாரைக்குரிய வயிரம் ஏற அதனினும் நெடுங்காலம் வேண்டும். இன்று ஊன்றும் விதையிலிருந்து வாரை பெறும் வாய்ப்பு இவ்வவையில் இருக்கும் என் வயதினர்க்கு இல்லை. முற்றிய பனங்கட்டை வேண்டுமெனில் இடிக்கப்படும் பழைய வீடுகளில்தான் பெரும்பாலும் தேட வேண்டும்.

நம் அறக்கட்டளையின் பழைய சத்திரம் ஆடி மாதம் பிரிக்கப்பட உள்ளது. அதன் கூரை முழுதும் பனை வாரை. ஒப்பந்தக்காரர் அவற்றை விறகு விலைக்குக் கேட்டிருப்பதாக அறிகிறேன். சுவர் ஓரத்து வாரைகள் சில மழைநீரால் கெட்டுள்ளன. அவை விறகுக்குப் போகட்டும். எஞ்சியவற்றை இழைத்தால் புதிய நூலகத்திற்கு வேண்டிய அலமாரிகள் அனைத்தும் செய்யலாம் என்று தச்சர் ஒருவர் நேரில் பார்த்துச் சொன்னார். இழைக்கும் கூலி விறகில் வரும் பணத்தைவிட மிகுதிதான், மறைக்கவில்லை. விலை பேசி முடிப்பதற்குமுன் இதனைச் செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கூலிக் கணக்கைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துள்ளேன்.