அந்த எதிர்காலத்தில் மலக்குழிக்குள் இறங்குவது யார்?

(அம்பத்தூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு இந்தக் கதைகள் என்றால் உயிர். சர்வாதிகாரி, கண்காணிப்புக் கேமரா, மதில் சூழ்ந்த நகரம் என்று வந்துவிட்டால் விடிய விடியப் படிப்பேன். ஆகவே ரசிகனாகத்தான் பேசுகிறேன். ஆனால் ரசிகனுக்கும் ஒரு புகார் உண்டு.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932இல் வந்தது. அதில் மனிதர்களைக் குடுவைகளில் தயாரிக்கிறார்கள். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து அடுக்கு. அடுக்குக்கு ஒரு நிறத்தில் உடை: டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலானுக்குக் கறுப்பு. இந்த அடுக்குகளுக்கு ஹக்ஸ்லி ஆங்கிலத்தில் எழுதிய சொல்லே 'காஸ்ட்'தான். சாதி!

இங்கே எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு அந்த உடை நிறம் ஆச்சரியமாக இருக்காது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறம் என்பது பல ஆலைகளில் வழக்கம். ஹக்ஸ்லியைப் படித்துவிட்டு ஷிப்ட் விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். தினமும் பார்த்த சட்டை திடீரென்று உறுத்தும். இந்தக் கதைகள் தரும் சுகமே அதுதான்.

பிறப்பிலேயே வேலையைத் தீர்மானிக்க அவருக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது, தூக்கத்தில் பாடம் ஓதும் கருவி தேவைப்பட்டது, சோமா மாத்திரை தேவைப்பட்டது. இந்த நாட்டில் சாஸ்திரமும் தனித் தெருவும் போதுமாக இருந்தன. நான்கே ஆண்டுகளில், 1936இல், அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' எழுதுகிறார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்குகிறது என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

என் புகார் இதுதான். ஹக்ஸ்லியின் எப்சிலான்கள் திருப்தியாக இருக்கிறார்கள். லிப்ட் இயக்கும் ஓர் எப்சிலான் ஒரு காட்சியில் வந்து போகிறார், அவ்வளவுதான். மனம் கசந்து புலம்புவது பெர்னார்ட் மார்க்ஸ் என்ற ஆல்பா. நம் சரித்திரத்தில் கீழே தள்ளப்பட்டவர்கள் எந்தக் காலத்தில் திருப்தியாக இருந்தார்கள்?

பிரயாக் அக்பரின் 'லெய்லா' நாவல் 2017இல் வந்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. சாதி, மத வாரியாக மதில் எழுப்பிய நகரம். நல்ல கற்பனை. ஆனால் ஷாலினி என்ற வசதியான பெண்ணின் வீட்டுக்குள் ஆட்கள் புகும்போதுதான் அங்கே பயங்கரம் தொடங்குகிறது. நமக்கு மதில் புதிதா? உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. அந்தத் தொடர் வந்த அதே 2019இல், டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள்.

தமிழுக்கு வருவோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஆண்டு 2021. ஜீவாவின் ஆட்சி. பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது, பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாயைப் பிடிக்காதவர் யார்? எனக்கும் பிடிக்கும். அது அரசைக் கேள்வி கேட்கிற கதை. ஊர், சேரி என்று பிரித்து வைத்ததைக் கேட்கிற கதை அல்ல. நிஜமான 2021 வந்து போய்விட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போதே அந்த ஆண்டும் மனிதர்கள் குழிக்குள் இறங்கினார்கள், செத்தார்கள்.

1940களில் தந்தை பெரியார் 'இனி வரும் உலகம்' சொன்னார். கைபேசியைச் சொன்னார், சோதனைக்குழாய்க் குழந்தையைச் சொன்னார் என்று நம் மேடைகளில் பட்டியல் போடுவோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு இடம். இழிவான வேலையை யார் செய்வார்கள் என்பதையும் அவர் எடுத்துப் பேசுகிறார். மலம் எடுப்பதை இயந்திரம் செய்துவிடும் என்கிறார். விமானத்தையும் ரோபோவையும் கற்பனை செய்த எத்தனை பேருக்குக் கக்கூஸ் ஞாபகம் வந்தது? இயந்திரமும் வந்துவிட்டது. கேரளத்தில் 2018லேயே பாண்டிகூட் ரோபோ குழிக்குள் இறங்கியது. ஆனால் இயந்திரத்தைவிட மலிவாக ஒரு சாதி கிடைக்கும்வரை அதை யார் வாங்குவார்கள்?

கீழிருந்து எழுதியவர் என்று நான் கைகாட்டுவது ஆக்டேவியா பட்லரை. கறுப்பினப் பெண். அவருடைய 'பேரபிள் ஆஃப் தி சோவர்' 1993இல் வந்தது, கதை 2024இல் தொடங்குகிறது. சொல்பவள் லாரன் என்ற கறுப்பினச் சிறுமி. தண்ணீர் பெட்ரோலைவிட விலை. கம்பெனி ஊர்களில் சம்பளம் கடனுக்கே போய்விடும், ஆள் வெளியே வர முடியாது. தன் முன்னோர்கள் பட்டதை எடுத்து நாளைய அமெரிக்காவின் தலையில் வைத்தார் பட்லர். அதனால்தான் நமக்கு அது சுடுகிறது. 2019 ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் ஆவடி, அம்பத்தூர் வழியாக வில்லிவாக்கம் போனது. நம் தெருக்களில் குடங்கள் லாரிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை.

அடுத்த கூட்டத்துக்குப் பட்லரைப் படித்துவிட்டு வாருங்கள். கூடவே ஆளுக்கு ஒரு பக்கம் கதை எழுதி வாருங்கள். ஆண்டு 2060, இடம் ஆவடி. இரவு முழுக்க மழை, பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. கதையைச் சொல்பவர் அந்த மூடியைத் திறக்க அழைக்கப்பட்டவர். ஆல்பாக்கள் யாராவது வேண்டுமென்றால், லிப்ட் இயக்கிய அந்த எப்சிலான் மாதிரி ஒரு காட்சியில் வந்து போகட்டும்.