தங்கவயலில் ஒரு பாலர் கூடம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலில் எவர் கையைப் பற்றிக்கொண்டு வீட்டுப் படியை விட்டு இறங்குகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுவதுண்டு. கோலார் தங்கவயலில் அங்கன்வாடி ஆசிரியையாக நாம் பணி தொடங்கிய நாட்களைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலத்தினடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கியது. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். நாம் பணியேற்ற முதல் மாதத்தில் ஒரு நாள் அவ்வாறு தரை அதிர்ந்தபோது, வாசலை நோக்கி ஓடியவர் ஆசிரியையாகிய நாம் ஒருவர்தாம்! பிள்ளைகள் மணியைக் கோத்துக்கொண்டே இருந்தார்கள்.

அது 1994ஆம் ஆண்டு. பிள்ளைகளின் பேச்சு தமிழ், பதிவேடுகளோ கன்னடம். பள்ளியில் கற்ற கன்னடத்தை நாம் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவோம். அடுத்த லைனிலிருந்த மையத்தின் ஆசிரியை முளபாகல் பக்கத்துக் கன்னடப் பெண்மணி. சனிக்கிழமைதோறும் அவர் வந்து எடைக் கணக்கையும் வருகைக் கணக்கையும் திருத்திக் கொடுப்பார். அதற்கு ஈடாக அவருடைய பிள்ளைகளின் தமிழை நாம் விளக்கினோம். "ஒண்ணுக்கு வருது" என்று கெஞ்சிய சிறுவன் எண்ணைத்தான் கற்க விரும்புகிறான் என்று எண்ணி, அவன் கையில் ஒரு மணியைக் கொடுத்தவர் அவர். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நட்பு எளிதில் அமைந்தது. நம் மையத்திலேயே இருந்த ஆயாவுடன் அமைந்த உறவு அவ்வளவு எளிதன்று. அவர் நம் தாயின் வயதினர். சுரங்கத் தொழிலாளியின் மனைவி. அந்த லைனிலேயே பிறந்தவர். நமக்கோ பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. அதன் மிடுக்கும் இருந்தது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தம்பியை நாள்தோறும் இடுப்பில் சுமந்து வருவாள். தாய் வேலைக்குப் போவதால் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஆயா தம்பிக்கு உப்புமா வைக்கும்போது அவளுக்கும் ஒரு கை வைப்பார். ஆறு வயதுக்கு மேற்பட்டவளுக்குக் கணக்கில் இடமில்லை என்று நாம் தடுத்தோம். அதையும் பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொன்னோம். மறுநாள் இருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"பெரிசுக்கு இல்லைன்னா சின்னது எப்படி டீச்சரம்மா வரும்?" என்று மட்டும் ஆயா கேட்டார். மாலையில் தாமே சென்று இருவரையும் அழைத்து வந்தார். அன்று முதல் தம் பங்கிலிருந்து அச்சிறுமிக்குக் கொடுத்தார். நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். மன்னிப்புக் கேட்கும் துணிவு வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. அடுத்த ஜூன் மாதத்தில் அவளைத் தொடக்கப்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் ஆயாதான். அந்த யோசனை நமக்குத் தோன்றவேயில்லை.

அங்கன்வாடி என்னும் சொல்லின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது வியப்படைந்தோம். மராட்டிய நாட்டின் போர்டியில் 1945இல் தாராபாய் மோடக் அம்மையாரும், அவருடன் வந்து சேர்ந்த அனுதாய் வாக் அம்மையாரும், தம்மிடம் வராத பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய முற்றங்களுக்கே சென்றார்கள். தம்பி தங்கையரைச் சுமக்கும் பிள்ளை பள்ளிக்கு வரவேண்டுமாயின் கைக்குழந்தைக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கண்டு, கோஸ்பாடில் குழந்தைக் காப்பகம், பாலர் வகுப்பு, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒன்றாக அமைத்தார்கள். அவர்கள் பல்லாண்டு முயன்று கண்டதை நம் ஆயா ஒரு கை உப்புமாவில் கண்டிருந்தார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடிப் பெங்களூருக்குப் போன குடும்பங்களோடு நம் பதிவேட்டிலிருந்த பெயர்களும் குறைந்தன. ஆயா சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றார். வெறுங்கையோடுதான் பெற்றார். மத்திய அரசு 2018இல் உயர்த்திய மதிப்பூதியத்திலும் ஆசிரியைக்கு மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். சரிபாதி! எந்தத் தராசில் நிறுத்தார்களோ, நாம் அறியோம்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தியைச் சொல்ல நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டவர், "உங்களுக்கு வருமா டீச்சரம்மா?" என்றார்.