உரியாவின் பெயரைத் தேடி: மாநாட்டுத் தலைமை உரை



வேத ஆராய்ச்சியும் மனந்திரும்புதலும் என்ற பொருளில் நடக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைத்தமைக்கு நன்றி. இந்தப் பொருளை எண்ணும்போதெல்லாம் என் மனம் 51-ஆம் சங்கீதத்தில்தான் போய் நிற்கிறது. லெந்து காலத்தில் நம் சபைகளில் அதைப் புத்தகம் பார்க்காமலே சொல்லுகிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் சாவு விழுந்த இரவிலும், பிள்ளை வழிதவறிப் போன நாட்களிலும் அவர்கள் கையில் எடுப்பது அந்தச் சங்கீதத்தைத்தான்.

நெல்லைச் சீமையில் ஒரு கிராமச் சபையில், வாரநாள் வேதபாடக் கூட்டத்தில் ஒருமுறை அதை விளக்கிக்கொண்டிருந்தேன். தேவனுக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்ததாகத் தாவீது அறிக்கையிடும் இடம் வந்தது. பீடி சுற்றிப் பிழைக்கும் வயதான அம்மா ஒருவர் எழுந்து, "ஐயரே, உரியா பொண்டாட்டியப் பறிச்சுக்கிட்டு, அவனையும் கொன்னுபோட்டு, கணக்கக் கடவுள்கிட்ட மட்டும் தீர்த்தாப் போதுமா? உரியாவுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டார். பாவம் எதுவும் முடிவில் தேவனுக்கு விரோதமானதே என்று உரையாசிரியர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அது சரியான விளக்கம்தான். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு அது பதிலாகாது. அன்று முதல் வேதத்தில் உரியாவைத் தேடி வாசிக்கிறேன். எனக்குக் கிடைத்த ஆவிக்குரிய வளர்ச்சியில் பெரும்பங்கு அந்தத் தேடலில் வந்தது.

2 சாமுவேல் 11-இல் உரியா பேசுவது சில வரிகளே. உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரங்களில் தங்கியிருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய் உண்டு குடித்து உறங்குவதா என்று கேட்கிறான். இஸ்ரவேலின் ராஜா மறந்துபோன நெறியை ஏத்தியனாகிய உரியா நினைவில் வைத்திருக்கிறான். தன் சாவுக்கான கடிதத்தைத் தானே படைத்தலைவன் யோவாபிடம் சுமந்து செல்கிறான். அதன் பிறகு அவன் கதை முடிந்தது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினால், 23-ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் வருகிறது. முப்பத்தேழு பேர் என்று தொகை கூட்டுவதற்கு முன் கடைசியாக எழுதப்பட்ட பெயர் ஏத்தியனாகிய உரியா. 1 இராஜாக்கள் 15-இல் தாவீதின் செம்மையான வாழ்வைப் புகழும் ஆசிரியர், உரியாவின் சங்கதி ஒன்றை மட்டும் விலக்கிச் சொல்கிறார். நாளாகம ஆசிரியர் உரியாவின் மனைவி பத்சேபாளின் கதையை முழுவதும் விட்டுவிட்டார். ஆனாலும் வீரர் பட்டியலிலிருந்து உரியாவை அவர் நீக்கவில்லை. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாறு வரும்போது, பத்சேபாளின் பெயர் வரவேண்டிய இடத்தில் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதியிருக்கிறது. தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தது; உரியாவின் பெயரை வேதம் மறைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க நமக்குப் பயிற்சி வேண்டும்.

நியாயப்பிரமாணமும் இந்த ஒழுங்கையே காட்டுகிறது. லேவியராகமம் 6-இல், அயலானை ஏமாற்றியவன் முதலில் பொருளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரணபலி அதற்குப் பிறகு. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் போதித்ததும் அதே வரிசைதான். தானாக அறிக்கையிடுகிறவன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும் என்றிருக்க, ஆயக்காரனான சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வருகிறான். யாத்திராகமம் 22-இன்படி அது திருடப்பட்ட ஆட்டுக்குரிய ஈடு. தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கோபப்பட்ட தாவீது விதித்த தண்டமும் அதுவே. சகேயுவால் அதைச் செலுத்த முடிந்தது. அவன் யாரிடம் அநியாயமாய் வாங்கினானோ அவர்கள் எரிகோவில் உயிரோடிருந்தார்கள். தாவீதால் யாருக்குச் செலுத்த முடியும்? திருப்பிக் கொடுக்க இயலாத கடன்களும் உண்டு. அங்கே மனந்திரும்புதல் என்ன வடிவம் எடுக்கும் என்பதுதான் என்னை நீண்டகாலமாக வாட்டும் கேள்வி.

இதற்கு வரலாற்றில் நான் கண்ட மிகக் கூர்மையான சான்று ஜான் நியூட்டன். 1725-இல் லண்டனில் பிறந்த மாலுமி. 1748 மார்ச்சில் கப்பல் புயலில் மூழ்கும் நிலைக்கு வந்தபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டவர். அவருடைய மனமாற்றத்தை அந்தப் புயலோடு சேர்த்துப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதற்குப் பின் நடந்ததைக் குறைவாகவே கேட்கிறோம். 1750 முதல் 1754 வரை அவர் அடிமைக் கப்பல்களின் தலைவர். கப்பலில் மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்தினார், வேதம் வாசித்தார், ஜெபித்தார். அந்தப் பயணங்களில் தேவனோடு இனிய ஐக்கியம் இருந்ததாகவும் பின்னாளில் எழுதினார். அவர் வைத்திருந்த கப்பல் குறிப்பேட்டில், கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்குப் பெயர் இல்லை, எண்கள் உண்டு.

உடல்நலக் குறைவால்தான் கடலை விட்டார். லிவர்பூலில் கிரேக்கமும் எபிரெயமும் தாமாகக் கற்றார். 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். உலகம் முழுவதும் பாடப்படும் அவருடைய 'வியப்பான கிருபை' கீர்த்தனை, 1773 புத்தாண்டு நாளில் 1 நாளாகமம் 17-ஐ ஒட்டிய பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக ஒரு சிறு நூல் எழுதியது 1788-இல். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள். உத்தமமாய் வேதம் வாசித்த மனிதருக்கு இத்தனை காலம் பிடித்தது என்பது என்னை நடுங்க வைக்கிறது. தம் ஆத்துமாவைப் பற்றி அவர் வேதத்தில் தேடினார்; தாம் விற்ற மனிதரைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று நெடுங்காலம் கேட்கவில்லை. கேட்டபோது, அந்த மனிதர்களை எங்கே தேடுவது? எவரிடமும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆகவே தாம் கண்டதையும் செய்ததையும் தேசத்துக்கு முன் சாட்சியாக வைத்தார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பின்னர் பாராளுமன்றத்தில் போராடிய இளம் வில்பர்ஃபோர்ஸை அரசியலில் நிலைத்திருக்கும்படி தைரியப்படுத்தினார். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த 1807-ஆம் ஆண்டின் டிசம்பரில் இறந்தார்.

இந்த வரலாறு நம் வாசலுக்கும் வருகிறது. வாலிபப் பருவத்தில் முதிய நியூட்டனிடம் ஆவிக்குரிய ஆலோசனை பெற்ற ஒருவர் தானியேல் வில்சன். பின்னாளில் கல்கத்தாப் பேராயரானார். சபைக்குள் சாதிக்கு இடமே இருக்கக்கூடாது என்று 1833-இல் சுற்றறிக்கை விடுத்தவர் அவர்தான். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, சாதி வழக்கங்களுக்கு ஆதரவாகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வாதாடியிருந்தார். அவருடைய பாடல்களை நான் தாயின் மடியில் கற்றேன். இன்றும் கண்ணீரோடு பாடுகிறேன். வேதத்தில் அவருக்கிருந்த தோய்வு நம்மில் எவருக்கும் இல்லை. அதனால்தான் இதை வேதனையோடு இந்த மேடையில் சொல்ல வேண்டியிருக்கிறது: வேத அறிவு தானாக ஒருவரை அயலானிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

இன்றும் தனித் தெரு, தனிக் கல்லறைத் தோட்டம், சபைத் தேர்தலில் சாதிக் கணக்கு. அறிக்கை ஜெபத்தை ஒரே குரலில் சொல்லிவிட்டு வெளியே வந்து இந்தக் கணக்கைப் பார்க்கிறோம். தாவீதுக்கும் நியூட்டனுக்கும் கிடைக்காத வாய்ப்பு நமக்கு இருக்கிறது. நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறார்கள். நம் நிலை சகேயுவின் நிலை.

இன்று காலை அமர்வில் லேவியராகமம் 6 பற்றியும், பிற்பகலில் நெகேமியா 5-இல் பிரபுக்கள் வட்டியையும் வயல்களையும் திருப்பிக் கொடுத்தது பற்றியும் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை வழங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூலமொழிச் சிக்கல்களை விளக்கி முடித்ததும், அந்த வசனத்தில் பொருளை இழந்தவன் யார், அவனுக்கு அது எப்போது திரும்பியது என்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கேள்வி நேரத்தில் ஆயர்களைப் போலவே, பின்வரிசையில் இருக்கும் சபையாரும் பேசட்டும். கருத்தரங்கு தொடங்கியதாக அறிவிக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.