முதுகில் எண் உண்டு, பெயர் இல்லை
(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கால்பந்து பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். நான் விளையாட்டு விமர்சகர் அல்ல. அகதிகள் சட்டம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஆனால் ஆஸ்திரேலியாவின் அகதிக் கொள்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயர் குறுக்கே வந்தது: மெல்பர்ன் விக்டரி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்குக் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மெல்பர்ன் விக்டரியின் மகளிர் அணி 2008இல் ஆஸ்திரேலிய மகளிர் லீக் தொடங்கியதிலிருந்தே ஆடிவருகிறது. 2014, 2021, 2022 என மூன்று முறை சாம்பியன். 2021 இறுதிப் போட்டியில் சிட்னிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம் வரை கோலே இல்லை. கைரா கூனி-கிராஸ் கார்னரிலிருந்து உதைத்த பந்து நேராக வலைக்குள் போய் விழுந்தது. நேரம் கிடைத்தால் அந்தக் காணொளியைப் பாருங்கள். ஆனால் நான் பேச வந்தது அந்த அணியைப் பற்றி அல்ல. அதே கிளப்பின் பெயரில், மாநில லீக்கின் நான்காம் பிரிவில், ஆடிய இன்னொரு பெண்கள் அணியைப் பற்றி.

2022 மார்ச் இறுதியில் விக்டரி மீண்டும் சிட்னியை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 24 அன்று, மெல்பர்னின் உள்ளூர் மைதானம் ஒன்றில் சிவப்பு ஜெர்சி அணிந்த பெண்கள் இறங்கினார்கள். எதிரணி உள்ளூர்க் கிளப்தான். ஆட்டம் 0-0 என்று சமனில் முடிந்தது. உள்ளூர் லீக்கில் கோலே விழாத ஒரு ஆட்டத்தை உலகச் செய்தி நிறுவனங்கள் ஏன் படம் பிடித்தன? அவர்கள் ஆப்கானிஸ்தான் தேசிய மகளிர் அணியின் வீராங்கனைகள். அவர்களுடைய ஜெர்சியின் முதுகில் எண் மட்டுமே இருந்தது. பெயர் இல்லை. பெயர் தெரிந்தால் ஊரில் மிச்சமிருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து.

தன் பெயரையும் ஊரையும் மறைத்து வாழ்வது எப்படிப்பட்டது என்று இந்த அரங்கில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். தலிபான்களின் முதல் ஆட்சியில் காபூலின் காஜி விளையாட்டரங்கம் தண்டனைக் களமாக இருந்தது. 1999இல் ஒரு பெண்ணை அந்த மைதானத்தில்தான் மக்கள் முன்னிலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்டில்தான் 2007இல் ஒரு பெண்கள் கால்பந்து அணி உருவானது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், அதன் தலைவியாகவும் இருந்த காலிதா போபல். 2010 டிசம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ஆடிய முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் நேபாளத்திடம் 13-0 என்று தோற்றார்கள். அந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. பெண்ணைக் கொல்லும் இடமாக மைதானம் இருந்த நாட்டிலிருந்து, பதினோரு ஆண்டுகளில், பதினொரு பெண்கள் மைதானத்தில் நின்றார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

தலிபான் ஒருவர்தான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 2018இல் அந்த வீராங்கனைகளே வெளியே வந்து சொன்னார்கள்: தங்கள் நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் கெராமுதீன் கரீம் தங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று. காலிதா போபல் அந்தச் சாட்சியங்களைத் திரட்டினார். 2019இல் ஃபிஃபா கரீமுக்கு வாழ்நாள் தடையும் 10 லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. மேற்குலகின் ஆதரவோடு ‘பெண் விடுதலை’ பேசிய ஆட்சியில் நடந்தது இது. மதவாதி மைதானத்தின் கதவைப் பூட்டுகிறான். நவீனவாதி கதவைத் திறந்துவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. எந்த வீராங்கனைகளிடம் உங்கள் முகத்தைக் காட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தாரோ, அவர்களிடமே காலிதா போபல் இப்போது சமூக ஊடகக் கணக்குகளை அழியுங்கள், ஜெர்சியை எரியுங்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. ஆகஸ்ட் 24 அன்று வீராங்கனைகளும் குடும்பத்தினருமாக 75க்கும் மேற்பட்டோர் காபூலிலிருந்து விமானம் ஏறினார்கள். ஆஸ்திரேலியா அவர்களுக்கு அவசர விசா தந்தது. இதற்காக ஓடியவர்கள் யார்? டென்மார்க்கில் இருந்த காலிதா, கால்பந்து வீரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஆஸ்திரேலியாவின் முன்னாள் தேசிய வீரர் கிரெய்க் ஃபாஸ்டர், சில மனித உரிமை வழக்கறிஞர்கள். தொழிற்சங்கம் என்றால் சம்பளப் பேச்சுவார்த்தை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் என் ஆய்வு உறுத்துகிறது. அதே ஆஸ்திரேலியா 2013 ஜூலையில், விசா இல்லாமல் படகில் வரும் எந்த அகதியும் இந்த மண்ணில் ஒருபோதும் குடியமர்த்தப்பட மாட்டார் என்று அறிவித்த நாடு. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பெற்றோர் படகில் வந்தவர்கள். இரண்டு மகள்களும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அவர்களை வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூன் வரை கிறிஸ்துமஸ் தீவில் அடைத்து வைத்தார்கள். இளைய குழந்தைக்கு உடல்நிலை மோசமான பிறகுதான் பெர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்கன் வீராங்கனைகளை ஏற்றிய விமானம் கிளம்பிய நாளில்கூட அந்தக் குடும்பம் ஊர் திரும்ப முடியாமல் பெர்த்தில்தான் இருந்தது. ஊர் மக்கள் விடாமல் போராடி, ஆட்சியும் மாறி, 2022 ஜூனில்தான் பிலோயிலா திரும்பினார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே அரசு, இரண்டு கதவுகள். வீராங்கனைகளுக்குக் கதவைத் திறந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதவு திறக்க ஒருவர் தேசிய அணியில் ஆடியிருக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக் குழந்தைகளை வளர்க்கும் ஒருவருக்கு என்ன தகுதி குறைகிறது? ‘திறமை உள்ளவருக்கு வாழும் உரிமை’ என்ற வாதத்தை நாம் வேறு பெயர்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். உரிமை என்பது பரிசு அல்ல. தகுதித் தேர்வு வைத்துத் தருவதற்குப் பெயர் சலுகை.

இந்த அளவுகோலை வைத்துத்தான் மெல்பர்ன் விக்டரி செய்ததை எடைபோடுகிறேன். கிளப்புகள் வணிக நிறுவனங்கள்தான். நல்ல பெயர் அவர்களுக்கும் வேண்டும். ஆனாலும் அவர்கள் செய்தது ஒருநாள் நட்பு ஆட்டமோ, நிதி திரட்டும் நிகழ்ச்சியோ அல்ல. மைதானம், உபகரணங்கள், பயிற்சி தந்தார்கள். சாம்பியன் அணியின் பயிற்சியாளர் ஜெஃப் ஹாப்கின்ஸே இவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். முக்கியமாக, லீக் அட்டவணையில் ஓர் இடம் தந்தார்கள். அட்டவணையில் இடம் என்றால் அடுத்த வாரமும் ஆட்டம் உண்டு. தோற்கலாம், சமன் செய்யலாம், சுமாராக ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு நாளும் பரிதாபத்துக்குரியவராகவோ வீரத்தின் சின்னமாகவோ இருக்கத் தேவையில்லை. சாதாரணமாக இருக்கும் உரிமை அது.

ஆஸ்திரேலியப் பெண்களுக்கும் இது சும்மா கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015இல் அந்நாட்டுத் தேசிய மகளிர் அணி, ஊதியப் பிரச்சினைக்காக அமெரிக்கப் பயணத்தையே மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. 2019இல்தான் வணிக வருவாயில் ஆண்களுக்கு இணையான பங்கு என்ற ஒப்பந்தம் வந்தது. லீக் கிளப்புகளில் ஆடும் பெண்களில் பலர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். போராடி இடம் பிடித்தவர்கள்தான் இன்னொருவருக்காக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் கிளப்பால் தர முடியாத ஒன்று உண்டு: நாட்டின் பெயர். ஒரு தேசிய அணி சர்வதேசப் போட்டியில் ஆட, அந்த நாட்டுச் சம்மேளனத்தின் ஒப்புதல் தேவை என்பது விதியாக இருந்தது. ஆப்கன் சம்மேளனமோ தலிபான் ஆட்சியின் கீழ் இருக்கிறது. பெண்கள் ஆடவே கூடாது என்பவர்களிடம் போய், நாங்கள் ஆடலாமா என்று அனுமதிச் சீட்டு வாங்கி வரச் சொல்வது எப்படிப்பட்ட நியாயம்? ஒடுக்குபவரின் கையெழுத்து இல்லாமல் ஒடுக்கப்பட்டவரை அங்கீகரிக்க மாட்டோம் என்பதுதானே இதன் பொருள்? 2023இல் மகளிர் உலகக் கோப்பை அவர்கள் வாழும் மெல்பர்னுக்கே வந்தது. அவர்கள் வெளியே நின்றார்கள்.

அவர்கள் ஓயவில்லை. 2025 மே மாதம் ஆப்கன் அகதிப் பெண்கள் அணி ஒன்றை அமைக்க ஃபிஃபா ஒப்புக்கொண்டது. அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் மொராக்கோவில் ‘ஆப்கன் விமன் யுனைடெட்’ என்ற பெயரில் ஆடினார்கள். சாட் அணியிடம் 6-1, துனிசியாவிடம் 4-0 என்று தோல்வி. லிபியாவை 7-0 என்று வென்றார்கள். சாடுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோலைப் பெனால்ட்டியில் அடித்தவர் மனோஷ் நூரி, மெல்பர்னில் வாழ்பவர். இம்முறை பெயரோடு செய்தியில் வந்தார்.

காக்ஸ் பஜாரில் வாங்கிய 13 கோலிலிருந்து அந்த 7 கோல் வரை பதினைந்து ஆண்டுகள். நடுவில் எரித்த ஜெர்சிகள், பெயரில்லாத ஜெர்சிகள். அவர்களைப் பாராட்டிவிட்டு நாம் கலைந்துபோனால் போதாது. நம் ஊர் மைதானத்தில், நம் அமைப்பில், இந்தக் கூட்டத்திலும்கூட, அட்டவணையில் இடம் கிடைக்காமல் வெளியே நிற்பது யார், அவர்கள் யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். அந்தப் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குவோம்.