போர்வைக்கு ஏற்ற நூல்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சிறுவர் வாட்டுக்கு நாம் தைக்கும் பஞ்சு வைத்த குயில்ற் போர்வைகளுக்கு மெசினில் பூப்போட எந்த நூல் நல்லது என்று பலர் கேட்கிறீர்கள். வைத்தியர்களாகிய நாம் காயம் தைக்கும்போதும், எந்த இடம், எவ்வளவு காலம் தாங்கவேண்டும் என்று பார்த்தே நூல் எடுக்கிறோம்.

ரேயோன் நூல் அழகாக மினுங்கும். ஆனால் நனைந்தால் பலம் குறையும். பிளீச் பட்டால் நிறம் போகும். சுவரில் தொங்கும் குயில்ற்றுக்கு அது பொருந்தும். வாட்டுப் போர்வையோ சுடுநீரிலும் பிளீச்சிலும் அடிக்கடி தோய்க்கப்படும். ஆகவே பொலியெஸ்டர் எம்பிராய்டரி நூலையே எடுப்போம்.

மேல் நூல் 40 இலக்கம், பொபினுக்கு 60. இலக்கம் கூடினால் நூல் மெல்லியது. ஊசி 75/11, பஞ்சு தடிப்பென்றால் 90/14. கடுஞ்சிவப்பு, கடுநீல நூல்களை முதலில் வெள்ளைத் துண்டில் தைத்துத் தோய்த்துப் பார்ப்போம்.

பூவை நெருக்கமாக நிரப்பினால் துணி விறைத்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கன்னத்தில் உரசும். ஓரக்கோடு மட்டும் போதும்.

வெளிநாட்டிலிருந்து நூல் அனுப்பும் சகோதரிகளே, நூற்கட்டையில் 'பொலியெஸ்டர், 40' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மினுக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.