மாரடைப்பிலிருந்து தப்பிய பெண்ணைக் கைவிடாதிருப்போம்
(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாரடைப்பு வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினால், "கண்டம் தாண்டியாச்சு" என்று லயமே நிம்மதி அடைகிறது. கொஞ்ச நாளில் அவர் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார். ஆனால் கண்டம் அத்தோடு முடிவதில்லை.

மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. பத்துப் பேர் எடுக்க வேண்டிய மலையை ஆறு பேர் எடுப்பதுபோல, மிச்சத் தசை முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. அது தளரும்போது நுரையீரலிலும் காலிலும் நீர் கோர்க்கிறது. இதைத்தான் டொக்டர்கள் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்பதல்ல, பலவீனமாகிவிட்டது என்பதே இதன் பொருள். மாரடைப்புக்குப் பின் இது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதற்குக் காரணங்கள் உண்டு. பெண்களுக்கு மாரடைப்பு பெரும்பாலும் வயது கூடிய பிறகே வருகிறது. அதற்குள் சீனி வருத்தமும் பிரஷரும் வந்திருக்கும். நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கல், வாந்தி, முதுகுவலி, தாடைவலி, பெருங்களைப்பு வந்தால், வாயு என்றும் கூடை சுமந்த வலி என்றும் பொறுத்துக்கொள்கிறோம். பிந்தும் ஒவ்வொரு மணித்தியாலமும் இன்னும் கொஞ்சம் தசை சாகிறது. அப்படி வந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். வயது கூடியவரா? சீனி, பிரஷர், சிறுநீரக வருத்தம், இரத்தக் குறைவு உண்டா? முன்பும் மாரடைப்பு வந்ததா? கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதா? ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நெஞ்சில் நீர் கட்டியதா? இவற்றை டொக்டரிடம் சொல்லுங்கள். எக்கோ எடுத்திருந்தால், டயக்னோசிஸ் கார்டில் உள்ள ஈ.எஃப். அளவைக் கேளுங்கள். ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டும். 40 வீதம் அல்லது அதற்குக் குறைவென்றால் இதயம் பலவீனம். அளவு நன்றாக இருந்தாலும், பெண்களுக்கு இந்த வருத்தம் வரலாம். அதனால் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

கால் வீங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டி எழும்ப வேண்டியிருக்கிறதா? இரண்டு மூன்று நாளில் நிறை 2 கிலோ கூடியதா? கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்த வேண்டாம். கருவாடு, ஊறுகாய், உப்பைக் குறையுங்கள். உடம்பு வலிக்கு டிக்ளோபெனாக், ஐபுபுரொபன் போன்ற குளிசைகளைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள். அவை உடம்பில் நீரைத் தேக்கும்.

இதையெல்லாம் பெண்கள் தனியாகச் செய்ய முடியாது. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள். ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவை: கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. டொக்டர் சொல்லும்வரை மேட்டு மலையும் பாரமும் இல்லாத வேலை கொடுக்க வேண்டும். கொழுந்தை நிறுக்கத் தராசு வைத்திருக்கும் தோட்டத்தில், கொழுந்து எடுத்தவரை நிறுக்கவும் ஒரு தராசும் பிரஷர் பார்க்கும் கருவியும் டிஸ்பென்சரியில் இருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்து திரும்பிய பெண்கள் உங்கள் லயத்தில் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு தோட்டத் தலைவரிடம் தெரிவியுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவர்களோடு யார் கூடப்போவது என்பதை இன்றே பேசி முடிவெடுப்போம்.